மேனேஜர் சாப்பிடவில்லை

என் நாத்தனார் ஊருக்குக் கிளம்புவதென்றால் முதலில் இரண்டு பூனைகளிடம் உத்தரவு வாங்க வேண்டும். சொன்னால் கோபித்துக்கொள்வாள், ஆனால் உண்மை அதுதான். அவள் கணக்கு டீச்சர். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே அவள் டீச்சர்தான். அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர் மட்டும் இன்னும் 'பாப்பா' என்பார். வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை ஒரு முறைப்பில் அடக்கிவிடுகிறவளை, வீட்டில் அந்த இரண்டும் அடக்கி வைத்திருந்தன.

ஒன்றின் பெயர் மிளகு. ஒல்லியாக, கறுப்பாக, யாராவது தும்மினால்கூடக் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். இன்னொன்று மேனேஜர். உடம்பில் முக்கால்வாசி வயிறு. தான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது, ஆனால் யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். பெயர் வைத்தவள் நான்தான். டீச்சரின் கணவர் காலமாகி, மகளும் படிக்க ஹாஸ்டலுக்குப் போன பிறகு வந்து சேர்ந்தவை இரண்டும். வந்த நாளிலிருந்து அந்த மூன்றாவது மாடி வீட்டின் வாசலைத் தாண்டியதில்லை. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்து, இரண்டு அறையும் ஒரு சமையலறையும்தான் உலகம் என்று நம்ப வைத்து வளர்த்திருந்தாள்.

எங்களுக்கு லாண்டரிக் கடை. உள்ளே அவர், கல்லாவில் நான். எனக்குப் பூனை பிடிக்குமா என்று கேட்டால் பதில் கிடையாது. பூனை முடி பிடிக்காது. ஒரு கறுப்புக் கோட்டிலிருந்து வெள்ளை முடியை டேப் ஒட்டி ஒட்டி எடுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். என் வீட்டுக்காரருக்கோ பூனையும் பிடிக்காது, அழுக்கும் பிடிக்காது, கசங்கல் அறவே பிடிக்காது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டைக் காலரைப் பார்க்கிற மனுஷர்.

டீச்சரின் மகளைக் 'குட்டி' என்போம். கல்யாணமாகி, சாயங்கால ரயில் ஏறினால் மறுநாள் காலையில் போய் இறங்குகிற தூரத்தில் இருந்தாள். அவள் முதல் தடவை உண்டாகியிருந்தபோது ஐந்தாம் மாதத்தில் வயிற்று வலி என்று போன் வந்தது. அன்றைக்கென்று பார்த்து மிளகுக்கு ஏதோ அடைப்பு, டாக்டர் வயிற்றைத் திறந்து தைத்து அனுப்பியிருந்தார். யாரிடம் விட்டுப் போவது என்று தெரியாமல் டீச்சர், "நாளைக்கு வந்துடறேன்டி கண்ணு" என்றாள். எங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டாள். கேட்டால் அண்ணனுக்குச் சிரமம் என்று நினைக்கிற பிறவி. அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குட்டி அழவில்லை, கத்தவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, "பூனை நல்லா இருக்காம்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தாயும் மகளும் சண்டையே போட்டதில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழையா, மழை இல்லை. என் மகனும் நானும் தினம் மூன்று வேளை கத்திக்கொள்கிறோம், எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. ஆனால் இவர்கள் இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொள்வதைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

இப்போது குட்டி மறுபடியும் உண்டாகி நிறைமாதமாக இருந்தாள். "முடிஞ்சா வாம்மா" என்று போனில் சொன்னாளாம். அந்த 'முடிஞ்சா' டீச்சரைத் தூங்க விடவில்லை. இந்தத் தடவையும் பக்கத்தில் இல்லாமல் போனால் மகள் பெயருக்குத்தான் மகள். இது டீச்சருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆக, பூனைகளுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். முதலில் பூனை விடுதி ஒன்றைப் பார்க்கப் போனோம். கம்பிக் கூண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, சுத்தமாகத்தான் இருந்தது. எதிரே ஒரு டிவியில் குருவிகள் பறந்துகொண்டிருந்தன. டீச்சர் விடுதிக்காரரிடம் தண்ணீர் எத்தனை தடவை மாற்றுவீர்கள், பக்கத்துக் கூண்டுப் பூனை முறைத்தால் என்ன செய்வீர்கள், ராத்திரி விளக்கு உண்டா என்று கேட்டுக்கொண்டே போனாள். அந்த ஆள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க பூனையை விடப் போறீங்களா, பொண்ணைக் கட்டிக் குடுக்கப் போறீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்து அழுதாள்.

கீழ்வீட்டு நர்ஸம்மா நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நல்ல மனதோடு முன்வந்தார். மேனேஜரைக் கையில் எடுத்தவர் தும்ம ஆரம்பித்து, கண் சிவந்து, மாடிப்படி இறங்குகிற வரைக்கும் தும்மிக்கொண்டே போனார். பிறகு, வீடு வீடாகப் போய்ப் பூனை பார்த்துக்கொள்கிற ஒரு பெண் கிடைத்தாள். வந்தவள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்தாள். மேனேஜர் அவள் பைக்குள்ளேயே ஏறிப் படுத்துக்கொண்டது. டீச்சருக்கு உயிர் வந்தது. அந்தப் பெண்ணுக்கு அடுத்த வாரமே காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், நீ ஊரெல்லாம் ஆள் தேடிட்டு இருக்கியா? போ பாப்பா, நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு எதுக்குண்ணா சிரமம்?"

"ரெண்டு பூனைக்குச் சோறு வெக்கறது ஒரு சிரமமா?"

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். நான் கல்லாவிலிருந்து அவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டார்.

பூனைகளை இடம் மாற்றக் கூடாது, நாங்கள்தான் காலையும் மாலையும் அங்கே போக வேண்டும் என்று முடிவானது. கிளம்புவதற்கு முந்தின சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்களைக் கூட வைத்துக்கொண்டு எல்லாம் சொல்லித் தருவதாக டீச்சர் திட்டம் போட்டிருந்தாள். அதற்குள் குட்டியின் டாக்டர், குழந்தை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே ரயில். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் சாவி, வாசலில் நின்றபடியே பாடம் நடத்தினாள். உலர்ந்த தீனி இந்த டப்பா, டின் மீன் சாயங்காலம் மட்டும், அவை வெளிக்குப் போகிற மண் தட்டைத் தினமும் மாற்ற வேண்டும், மேனேஜர் எவ்வளவு கெஞ்சினாலும் இரண்டாம் தடவை கொடுக்கக் கூடாது. கடைசியாக, கீழே ஆட்டோ ஹாரன் அடிக்கும்போது, "அண்ணி, படுக்கையெல்லாம் அப்படியே விட்டுடுங்க. ஒண்ணும் எடுக்க வேண்டாம்" என்றாள்.

"சரி சரி, நீ கிளம்பு" என்றேன்.

இங்கே எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். லாண்டரிக்காரருடைய உறவுக்காரர்கள் யாரும் 'இதைத் துவைத்துக் கொடு' என்று வாய்விட்டுக் கேட்டதே இல்லை. 'வேண்டாம், எதுக்கு உங்களுக்குச் சிரமம்' என்பார்கள். இவர் 'குடு' என்று பிடுங்கிக்கொண்டு வருவார். அவர்கள் 'ஐயோ' என்பார்கள், பையை விட்டுவிடுவார்கள். டீச்சர் இருபது வருஷமாக அப்படித்தான் 'வேண்டாம்ணா' என்று சொல்லிக்கொண்டே போர்வையை நீட்டியிருக்கிறாள். எங்கள் அகராதியில் 'ஒன்றும் எடுக்க வேண்டாம்' என்றால் 'கேட்கக் கூச்சமாக இருக்கிறது, நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்' என்று பொருள்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது கட்டிலின் மேல் ஒரு குவியல். டீச்சர் உடுத்திக் களைந்த நைட்டி, பழைய சால்வை, விரிப்பு, தலையணை. குவியலின் நடுவில் மேனேஜர், பக்கத்தில் மிளகு. இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. வைத்ததைத் தின்றன. என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் குவியலைப் பார்த்தார். "பாவம், துவைக்கக்கூட நேரம் இல்லாம ஓடியிருக்கா" என்றார். அழுக்குத் துணியைப் பார்த்துக் கண் கலங்குகிற ஒரே மனிதரை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் அன்புக்குக் கை நீளம். நைட்டி, சால்வை, விரிப்பில் ஆரம்பித்தவர், சோபா உறை, திரை, கால்மிதி, துண்டு, பூனைகளின் மெத்தை வரைக்கும் மூட்டை கட்டிவிட்டார். கட்டில் மெத்தையை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் போட்டுத் தட்டினார். டீச்சரின் வீட்டுச் செருப்பைத் தேய்த்துக் கழுவினார். நான் சும்மா இருந்தேனா? நான் தரையை மருந்து போட்டுத் துடைத்தேன், சீப்பைக்கூட வெந்நீரில் போட்டேன். அலமாரிக்குள் மட்டும் கை வைக்கவில்லை, அதில் எல்லாம் ஏற்கெனவே எங்கள் கடையில் துவைத்தவை. சாயங்காலம் எல்லாவற்றையும் கொண்டுவந்து விரித்தபோது வீடு கண்ணாடியாக மின்னியது. பணக்கார வாடிக்கையாளர்களுக்கு மட்டும் ஊற்றுகிற பூ வாசனைத் தைலத்தை இவர் தங்கைக்காகத் தாராளமாக ஊற்றியிருந்தார். "வந்து பாத்து அசந்து போகணும்" என்றார்.

முதலில் அசந்தது மிளகு. விரிப்பை முகர்ந்து, மூன்று தும்மல் போட்டு, கட்டிலுக்கடியில் போனது. மேனேஜர் அறை அறையாகப் போய், ஒவ்வொரு மூலையாக நின்று, ஒவ்வொன்றாக முகர்ந்தது. தன் மெத்தையை முகர்ந்து பின்வாங்கியது. அப்புறம் என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை கத்தியது. நானும் இளித்துக்கொண்டே, "என்னப்பா, சுத்தமா இருக்கா?" என்று கேட்டேன். அது குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற இடுக்கில் நுழைந்துகொண்டது.

அன்றைக்குத் தட்டு அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே. மிளகு வீம்பை விட்டுக் கொஞ்சம் கொறிக்க ஆரம்பித்தது. மேனேஜர் தண்ணீரைக்கூட நக்கவில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் இரண்டாம் தடவை கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போன பூனைக்கு முன்னால் நானும் அவரும் மண்டிபோட்டு, மீனை விரலில் தொட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தோம். பசி வந்தால் தானாகத் தின்னும் என்றார் இவர். ஒரு வேளைச் சோற்றைத் தாமதித்தாலே வீட்டைத் தலைகீழாக்குகிற ஜீவன், பசியையே மறந்தது போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

டீச்சர் தினமும் வீடியோவில் வருவாள். "மேனேஜர் எங்கண்ணி?" "தூங்கறான்" என்று ஒரு நாள் சொன்னேன். மறுநாள், "இப்பத்தான் தின்னுட்டு உள்ள போனான்" என்றேன். அவளிடம் யார் போய் உண்மையைச் சொல்வது? பூனைக்கு மணி கட்டுகிற கதைதான். சொன்னால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவாள். ஏறிவிட்டால், பிரசவ அறையில் குட்டி தனியாக. நான் பொய் சொன்னது பூனைக்காக இல்லை.

மூன்றாம் நாள் காலை அதைக் கூடையில் போட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். என் வீட்டுக்காரர் கையில் நாலு கோடு இழுத்துவிட்டுத்தான் கூடைக்குள் போனது. கோடு இழுக்கத் தெம்பு இருக்கிறதே என்று அவர் சந்தோஷப்பட்டார். டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தார், காதுமடலைத் திருப்பிப் பார்த்தார், நோய் ஒன்றும் தெரியவில்லை என்றார். "வீட்ல ஏதாவது மாறுச்சா?"

"ஒண்ணுமே மாறல டாக்டர். சுத்தம் பண்ணோம், அவ்வளவுதான்."

"எதையெல்லாம் சுத்தம் பண்ணீங்க?"

இவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறுவதைப் பார்த்து, செருப்பு வரைக்கும் வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் திட்டவில்லை. வீட்டுக்குள்ளேயே வளர்கிற பூனைக்கு வாசனைதான் வீடு, வளர்க்கிறவர் வாசனை போய்விட்டால் அது யாரோ ஒருவர் வீட்டில் அடைபட்டுக் கிடப்பதாக நினைத்துக்கொள்ளும் என்றார். ஊருக்குப் போகிறவர்கள் உடுத்திய துணியைத் துவைக்காமல் விட்டுப் போவது இதற்காகத்தான் என்றார். ஊசி மூலம் தண்ணீர் ஏற்றினார். "இது குண்டுப் பூனை. குண்டா இருக்கறது பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுப்போகும். இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அவங்க போட்ட துணி ஏதாவது கிடைச்சா பக்கத்துல வையுங்க. அப்பவும் சாப்பிடலன்னா கொண்டுவந்து சேத்துடுங்க, குழாய் போடணும். ஆனா வயசாயிடுச்சு, உறுதியா எதையும் சொல்ல முடியாது."

வெளியே வந்து என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "அவ வேண்டாம்னுதானே சொன்னா" என்றார். என்னிடம்தான் அவள் சொன்னாள்.

டீச்சர் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதே அவளுடைய வீடியோ போன். எடுத்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. அவள் மேனேஜரைக் கேட்கவே இல்லை. என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அண்ணி, அந்தத் திரை ஏன் அவ்வளவு வெள்ளையா இருக்கு?"

நான் போனை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

"படுக்கையைத் துவைச்சீங்களா?"

"டீச்சர்..."

"என் நைட்டி?"

"எல்லாத்தையும்" என்றார் இவர் என் தோளுக்கு மேலிருந்து. "எல்லாத்தையும் துவைச்சிட்டேன் பாப்பா."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவன் சாப்பிடலைதானே? எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். துணியைப் பார்சலில் அனுப்பினால் நாளை மறுநாள்தான் வரும், அதைவிடத் தானே ரயிலில் வருவது சீக்கிரம் என்று அவளே கணக்குப் போட்டாள். "சாயங்காலம் ஏறறேன். காலைல அவனைப் பாத்துட்டு, படுக்கைல கொஞ்ச நேரம் படுத்து எழுந்து, அடுத்த வண்டிலயே திரும்பிடறேன். ஒரே ஒரு நாள்."

பின்னாலிருந்து குட்டியின் குரல் கேட்டது. "போகணும்னா போம்மா. நான் என்ன சொல்லப் போறேன்?" சாந்தமான குரல். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

போனை வைத்ததும் நான் சொன்னேன், "சாயங்காலத்துக்குள்ள இந்தப் பூனை வாயைத் திறக்கணும். இல்லன்னா உங்க தங்கச்சிக்கு மக இல்ல. அவ ஏறி, அந்த நேரம் பாத்து அங்க வலி எடுத்துச்சுன்னா நம்ம ரெண்டு பேரையும் கடவுளே மன்னிக்க மாட்டார்."

அழுக்கைத் தேடும் படலம் தொடங்கியது. வாழ்நாள் முழுக்க அழுக்கை ஒழித்த மனிதர் அன்றைக்கு அழுக்குக்காக அந்த வீட்டைப் புரட்டினார். சோபா இடுக்கில் கை விட்டார், துடைத்திருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் பார்த்தார், எதுவும் தொங்கவில்லை. மெத்தையில் முகத்தைப் புதைத்து முகர்ந்தார், தைல வாசனை அடித்தது. "ஒரு கைக்குட்டை கூடவா விடல நான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததற்கு இவர் இப்படி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கடைசியில் அலமாரியைத் திறந்தார். எல்லாம் எங்கள் கடை மடிப்பு, எங்கள் கடை வாசனை. மேல் தட்டில், போர்வைகளுக்குப் பின்னால், ஒரு துணிப்பை இருந்தது. வாய் சுருக்கிக் கட்டியிருந்தது. உள்ளே ஒரு மஞ்சள் சட்டை. கைமடிப்பில் நீலப் பெயின்ட் கறை.

"இது குட்டியோடது" என்றேன். "ஹாஸ்டலுக்குப் போறன்னைக்குப் பெட்டி கட்டும்போது இதைத்தான் போட்டிருந்தா."

என் வீட்டுக்காரர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். காலரைத் திருப்பிப் பார்த்தார். வியர்வை பழுப்பேறி இறுகியிருந்தது. "அதுக்கப்புறம் இதைத் துவைக்கவே இல்ல" என்றார். பிறகு மடிப்பு ஓரத்தை விரலால் தடவினார். அங்கே நூல் நைந்து, துணி வெங்காயச் சருகு போல ஆகியிருந்தது. "சும்மா பைக்குள்ள கிடந்த துணி இப்படி நையாது. எடுத்து விரிச்சு, மறுபடி மடிச்சு, மறுபடி விரிச்சு... வருஷக்கணக்கா நடந்திருக்கு."

டீச்சர் இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அழுக்குத் துணி என்றால் எங்களிடம் வந்துதான் ஆக வேண்டும். எங்கள் கண்ணில் படாமல் இவ்வளவு காலம் ஒன்றை ஒளித்து வைத்திருந்திருக்கிறாள்.

"வெச்சிடுங்க" என்றேன். "அது அவ பொருள். நாம பாத்ததே தப்பு."

"பூனையும் அவ பொருள்தான்" என்றார்.

"இது குட்டி சட்டைங்க. குட்டி போனதுக்கு அப்புறம்தானே பூனையே வந்துச்சு. அதுக்குக் குட்டி வாசனை எப்படித் தெரியும்?"

"தெரியாது. வெச்சுத்தான் பாப்போமே. வேற என்ன இருக்கு நம்மகிட்ட?"

குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் தரையில் சட்டையை விரித்தார். துணி என்றால் உதறி விரிக்கிறவர், அன்றைக்கு ஓரம் ஓரமாகப் பிரித்து வைத்தார். நாங்கள் சமையலறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டோம்.

முதலில் மூக்கு வந்தது. பிறகு தலை. மேனேஜர் தள்ளாடிக்கொண்டு வந்து சட்டையின் மார்புப் பக்கத்தை முகர்ந்தது. நின்றது. மறுபடி முகர்ந்தது. பிறகு தொண்டைக்குள் ஒரு சத்தம், மூன்று நாளாக நாங்கள் கேட்காத சத்தம். அதன் மேல் ஏறி, முன்னங்கால்களால் மிதித்து மிதித்து, ஒரு சுற்று சுற்றி, கன்னத்தை அந்தத் துணியில் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டது. டீச்சரின் மடியில் அப்படித்தான் படுக்கும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சட்டையில் குட்டியின் வாசனை எப்போதோ போய்விட்டது. எடுத்து எடுத்து மடியில் வைத்து, முகத்தோடு சேர்த்து வைத்து, அது முழுக்க டீச்சரின் வாசனையாகியிருந்தது.

இவர் தவழ்ந்தே போய்த் தட்டை அதன் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு படுத்தபடியே கழுத்தை நீட்டி ஒரு வாய் நக்கியது. இன்னொரு வாய். என் வீட்டுக்காரர் வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்தார். துவைத்த வேட்டி.

போன் அடித்தது. டீச்சர் என்று நினைத்து எடுத்தால், குட்டி.

"அத்தை, அம்மா பெட்டி கட்டிட்டு இருக்காங்க. அது சாப்பிட்டுச்சா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"சாப்பிடுதுடி. இப்பத்தான்."

"எனக்காகச் சொல்லாதீங்க. காட்டுங்க."

இரண்டு நாள் புளுகியவளுக்குக் கோபப்பட உரிமை இல்லை. போனைத் திருப்பினேன். மேனேஜர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பியது.

"அத்தை, அது படுத்திருக்கறது... அந்த மஞ்சச் சட்டை என்னோடதா?"

மறைக்க நேரம் இல்லை. மறைக்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. "உன்னோடதுதான்."

"அது தொலைஞ்சு போச்சுன்னு அம்மா சொன்னாங்களே. ஹாஸ்டலுக்கு அனுப்பச் சொல்லி எத்தனை தடவை கேட்டேன்!"

"தொலையலம்மா. துவைக்காம பைக்குள்ள வெச்சிருந்தா. நாங்க இந்த வீட்டையே துவைச்சுத் தள்ளிட்டோம், உங்கம்மா வாசனை மிச்சம் இருந்தது அது ஒண்ணுலதான்."

"என் சட்டைல எப்படி அம்மா வாசனை இருக்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, இரண்டு பேர் மேலும்தான். "கணக்கு டீச்சர் பொண்ணுதானே நீ? உன் சட்டைல உங்கம்மா வாசனை ஏறணும்னா எத்தனை தடவை அதை எடுத்துக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும்? நீயே போட்டுப் பாரு."

திரையில் அவள் முகம் இருந்தது. பிறகு விட்டம் தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது. போனை எங்கோ வைத்துவிட்டாள் போல. குரல்கள் மட்டும் கேட்டன.

"யாருடி போன்ல, அண்ணியா? என்ன சொல்றாங்க, சாப்பிட்டானா?"

"சாப்பிடறான். நான் பாத்தேன்."

"நிஜமாவா? இருந்தாலும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு..."

"அம்மா." அந்தச் சாந்தம் இப்போது குரலில் இல்லை. "போகாதம்மா. எனக்குப் பயமா இருக்கு. போன தடவை மாதிரியே ஆயிடுமோன்னு ரொம்பப் பயமா இருக்கும்மா. நீ வந்த நாள்லேர்ந்து சொல்லணும்னு பாக்கறேன், வாய் வரல. என்னை விட்டுட்டு எங்கயும் போகாத."

பெட்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. "என் கண்ணு, என் தங்கம், இங்க பாரு, அம்மா எங்கயும் போகல" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தாள், திரும்பத் திரும்ப அதையே. பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். வாய்விட்டு, தெருவுக்கே கேட்கும்படியாக, ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே அழுதார்கள்.

என் வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தார். "நாம கேக்கக் கூடாது" என்றார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். நான் எழுந்து போய் டப்பாவிலிருந்து மேனேஜருக்கு இரண்டாம் தடவையாக மீன் எடுத்து வைத்தேன்.